நீளமன்று, வழியே பெரிது!

2024 அக்டோபரில் ஒரு பகா எண் உலகச் செய்தியாயிற்று. 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் அவ்வெண்ணில் 4,10,24,320 இலக்கங்கள்! நீளத்தையே எல்லாரும் வியந்தனர். வியக்கத்தக்கது, அதைப் பகா எண் என்று உறுதி செய்த வழியன்றோ?

1876-இல் பிரெஞ்சு அறிஞர் லூக்காஸ், 2-இன் 127-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த 39 இலக்க எண் பகா எண்ணே எனக் கணிப்பொறியின்றி நிறுவினார். ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்க்க ஆயுள் போதாது. அவர் முறையைப் பின்னர் லெமர் எளிதாக்கினார். 2024-இல் உறுதி செய்ததும் அம்முறையே.

31-ஐ எடுங்கள், அது 2-இன் 5-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. 4-ஐ வர்க்கித்து 2 கழிக்க, 14. மீண்டும் அவ்வாறே செய்ய, 194; 31-ஆல் வகுத்தால் மீதி 8. அதை வர்க்கித்து 2 கழிக்க, 62. இப்போது மீதியில்லை; 31 பகா எண். அடுக்கைவிட இரண்டு குறைவான படிகளே போதும்.

"நம் ஆய்வுக்கூடத்தில் கருவியில்லையே" என ஏங்கும் நண்பர்களே! கருவி வேண்டும், கேட்டுப் பெறுவோம். ஆயினும் அது வரும்வரை சிந்தனையை ஒத்திவைப்பது தகுமா? 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வாலும், நீரஜ் கயால், நிதின் சக்சேனா எனும் மாணவர் இருவரும், எண் எவ்வளவு நீண்டாலும் வேலை கட்டுமீறாத சோதனையைக் கண்டனர். பெருங்கருவி தந்த கொடையன்று அது.

இன்றிரவு 127-ஐச் சோதித்துப் பாருங்கள். ஐந்தே படிகள், பென்சில் போதும்.