சுவருக்கு இந்தப் பக்கம்

கடைசி நாளில் எக்காளம் ஊதினால் எங்கப்பா சுவருக்கு எந்தப் பக்கம் எழுந்து நிற்பார்? நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று சாமியாரிடம் இதைத்தான் கேட்டேன். "மோட்சத்துல சாதி இல்லப்பா, பொறுத்துக்கோ" என்றார். மோட்சத்தில் இல்லை, சரி. கல்லறையில் எப்படி வந்தது சாமி?

இப்போது நான் இருப்பது வல்லத்தில். பிறந்த ஊரின் பெயரை எழுத மனசில்லை. அங்கே கோயில் ஒன்று, பீடம் ஒன்று. கல்லறை மட்டும் இரண்டு. நடுவில் ஆள் உயரச் சுவர். மேல்சாதிக்காரர்கள் தங்கள் பக்கம் சிமெண்ட் பூசி வருசா வருசம் வெள்ளையடிக்கிறார்கள். எங்கள் பக்கம் வெறும் செங்கல். சந்துகளில் கலவை பிதுங்கிக் காய்ந்திருக்கிறது. கொத்தனார் அந்தப் பக்கத்தைப் பூசி முடித்துக் கரணையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். தீர்ப்பு நாளில் ஆண்டவர் செம்மறிகளை வலப்பக்கமும் வெள்ளாடுகளை இடப்பக்கமும் பிரிப்பாராம். இவர்களுக்கு அதுவரை பொறுமை இல்லை.

எங்கப்பா குழி வெட்டுகிறவர். அந்தப் பக்கத்துக் குழிகளில் பாதி அவர் வெட்டியது. அவர் செத்த அன்று பிணம் சுமக்கும் கோயில் தூம்பாவைக் கேட்டோம். கொட்டகைச் சாவி இல்லை என்றார்கள். சாவி யார் இடுப்பில் இருந்தது என்று ஊருக்கே தெரியும். மூங்கில் வெட்டிப் பாடை கட்டித் தூக்கினோம். அதுவும் பெரிய தெரு வழியாக இல்லை, ஏரிக்கரையைச் சுற்றி. உடல் உயிர்த்தெழும் என்று ஞாயிறுதோறும் எங்களோடு சேர்ந்து சொன்ன வாய்கள்தாம் அந்த உடலைத் தெருவுக்குள் விடமாட்டோம் என்றன.

எங்கள் ஊர் மட்டுமா? திருச்சி மேலப்புதூர் கல்லறையிலும் சுவர். புதுச்சேரியில் கோயிலுக்குள்ளேயே இருந்த சுவரை எதிர்த்து எங்கள் சனம் 1745லேயே முறையிட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதில் மூண்ட கலவரம் 2008 மார்ச்சில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. எதிர்த்தரப்பில் இரண்டு உயிர் போனது. அவர்களுக்காகவும் அழுதேன், அழக்கூடாது என்று எனக்கு யாரும் சுவர் வைக்கவில்லை.

அரசாங்கம் என்ன செய்தது? 1950 ஜனாதிபதி ஆணைப்படி, ஞானஸ்நானம் வாங்கியவனுக்குப் பட்டியல் சாதிகளில் இடமில்லை. 1956ல் சீக்கியருக்கும் 1990ல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. எங்களுக்கு இல்லை. சான்றிதழுக்குப் போனால் கிறிஸ்தவன், குழிக்குப் போனால் காலனிக்காரன்!

லூக்கா 16ஐ அடிக்கடி எடுத்துப் படிக்கிறேன். பணக்காரன் நரகத்தில் வேகிறான். அப்போதும் தன் வாசலில் பசியோடு கிடந்த லாசரிடம் ஒரு மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. லாசரின் முகம் பார்த்துப் பேசக்கூட இல்லை. ஆபிரகாமைக் கூப்பிட்டு, அவனைத் தண்ணீரோடு அனுப்பி என் நாக்கை நனைக்கச் சொல்லும் என்கிறான். தீயில் கிடந்தும் ஏவல் வேலை!

அங்கேதான் எனக்குப் பயம். எங்கப்பா மறுக்கத் தெரியாதவர். நடுராத்திரியில் வந்து கூப்பிட்டாலும் கடப்பாறையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். அங்கேயும் ஒருநாள் குரல் வரும், தண்ணி கொண்டாடா என்று.

அப்பா, நீ போவாதப்பா.