வெளுத்தது நீலச் சாயம்

ஐரோலியில் பன்வேல் ரயிலைப் பிடித்தால் நான்காவது நிலையம் துர்பே. ரயிலில் நிற்கும் ஐ.டி. இளைஞர்களில் பாதிப் பேர் ஜீன்ஸில் இருப்பார்கள். துர்பேயில் பி.ஏ.எஸ்.எஃப். என்ற ஜெர்மன் ரசாயனக் கம்பெனியின் வளாகம் இருக்கிறது. ஜீன்ஸுக்கு ஏறும் அந்த நீலத்தைத் தொழிற்சாலையில் செய்து 1897இல் சந்தைக்குக் கொண்டுவந்த கம்பெனி அதுதான். ஆராய்ச்சிக்கு அது கொட்டிய பணம் 1.8 கோடி மார்க். பிகாரின் நீலத் தோட்டத் துரைகளின் ராஜாங்கம் அதில் ஆட்டம் கண்டது.

ராஜாங்கம் என்பது மிகையல்ல. பெத்தியா ஜமீன் கடனில் தத்தளித்தபோது அதன் கிராமங்களை நிரந்தரக் குத்தகைக்கு எடுத்தவர்கள் இந்தத் துரைகள். பங்களா, போலோ, ஈட்டியால் பன்றி வேட்டை, முசாபர்பூரில் கிளப். 'பிகார் லைட் ஹார்ஸ்' என்று தங்களுக்கென ஒரு குதிரைப்படை வேறு! துரை புதுக் குதிரை வாங்கினால் அதற்கும் குடியானவன்தான் வரி கட்ட வேண்டும். யானைக்கும் அப்படியே. பின்னாளில் மோட்டார் கார் வந்தபோது அதற்கும் ஒரு வரி முளைத்தது.

இத்தனைக்கும் ஆதாரம் 'தீன்கட்டியா' முறை. ஒரு பிகாவுக்கு 20 கட்டா. அதில் 3 கட்டாவில் அவுரி பயிரிட்டே தீர வேண்டும். எந்த நிலம் என்பதைத் துரையின் ஆள் வந்து காட்டுவான். வளமான துண்டுதான் அவன் கண்ணில் படும்.

ஜெர்மன் சாயம் வந்ததும் விலை சரிந்தது. 1895-96இல் 9,000 டன்னுக்கு மேல் இருந்த இந்திய நீல ஏற்றுமதி 1913-14இல் ஆயிரம் டன்னைக்கூட எட்டவில்லை. நியாயமாகத் துரைகள்தான் திவாலாகியிருக்க வேண்டும். அவர்கள் கணக்கு வேறாக இருந்தது. "இனி அவுரி போட வேண்டாம், உனக்கு விடுதலை. விடுதலைக்கு விலை கொடு" என்றார்கள். நிரந்தரக் குத்தகைக் கிராமங்களில் நில வாடகையை ஏற்றினார்கள். இதற்கு 'சரஹ்பேஷி' என்று பெயர். மற்ற கிராமங்களில் 'தாவான்' என்று மொத்தமாக ஒரு தொகை. கையில் காசில்லாதவனிடம் வட்டியோடு கடன் பத்திரம் எழுதி வாங்கினார்கள். லுட்விக்ஸ்ஹாஃபென் வேதியியலாளர்கள் துரைகளுக்கு வைத்த நஷ்டத்தைச் சம்பாரண் விவசாயி கட்டினான். அப்படி ஒரு ஊர் இருப்பதே அவனுக்குத் தெரியாது.

1914இல் போர் வந்து ஜெர்மன் சாயம் நின்றது. விலை மீண்டும் ஏறியது; துரைகளுக்கு மறுபடி அவுரி ஆசை. விடுதலைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தரும் ஆசை மட்டும் வரவில்லை.

ராஜ்குமார் சுக்லா என்ற விவசாயி விடாமல் துரத்தி அழைத்ததில் காந்தி 1917 ஏப்ரலில் சம்பாரண் வந்தார். அரசு அமைத்த விசாரணைக் குழுவில் அவரும் ஒரு உறுப்பினர். 1918இல் சட்டம் வந்து தீன்கட்டியா ஒழிந்தது. ஏற்றிய வாடகையில் ஒரு பகுதி குறைந்தது. தாவான் பணத்தில் 25 சதவீதத்தைத் திருப்பித் தரத் துரைகள் ஒப்புக்கொண்டார்கள். மீதி 75 சதவீதம் போனது போனதுதான்.

பிறகு பல துரைகள் எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். சிலர் கரும்புக்கு மாறினார்கள். குதிரைப்படை மட்டும் 1947 வரை இருந்தது.