அந்த ஒன்பது பின் போர்ட்டை எடுக்காதீர்கள்

லேப்டாப்பில் சீரியல் போர்ட் காணாமல் போய்ப் பல வருஷமாகிறது. இப்போது சர்வரிலும் வேண்டாம் என்கிறார்கள். "எல்லாம்தான் லாக் ஃபைலில் இருக்கிறதே சார்?" என்று போன வாரம் ஒருவர் என்னிடமே கேட்டார்.

இருக்காது. கெர்னல் நின்றுபோனால், லாக்கை டிஸ்க்கில் எழுதும் வேலையும் கூடவே நின்றுவிடும். நமக்கு வேண்டிய கடைசி நாலு வரிதான் அதில் இருக்காது. சீரியல் போர்ட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. ரெஜிஸ்டரில் ஒரு பைட்டைப் போட்டால் கம்பி வழியே போய்விடும். 115200 வேகத்தில் விநாடிக்கு 11,520 எழுத்து. ஆமை வேகம்தான், ஆனால் வந்து சேரும்.

நான் வேலையில் இருந்தபோது ஒரு லினக்ஸ் மெஷின் இரண்டு மூன்று நாளைக்கொரு தரம் அப்படியே உறைந்துவிடும். புதிதாகச் சேர்ந்த பையன் எழுதிய டிரைவர் மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். எனக்கும்தான், மீட்டிங்கில் சொல்லியும் விட்டேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு நல் மோடம் கேபிளைக் கொண்டுவந்து, அந்த மெஷினைப் பக்கத்து மெஷினோடு இணைத்து, கேஜிடிபியைத் தயார் செய்துவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள் உறைந்தது. பக்கத்து மெஷினிலிருந்து பிரேக் அனுப்பி 'ஜி' தட்டியதும் டிபக்கர் பேச ஆரம்பித்தது. ஒரு சிபியு, தான் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்த ஸ்பின்லாக்குக்கே காத்துச் சுற்றிக்கொண்டிருந்தது. இன்டரப்டை நிறுத்தாமல் லாக்கைப் பிடித்திருக்கிறது. நடுவில் வந்த இன்டரப்ட் அதே லாக்கைக் கேட்டிருக்கிறது. அந்த வரி பையனுடையது அல்ல. நான் எழுதியது.

அடுத்த மீட்டிங்கில் அதையும் சொன்னேன். முதல் மீட்டிங்கில் இருந்தவர்களில் பாதிப்பேர் இதில் இல்லை.

லினஸ் டோர்வால்ட்ஸ் கெர்னலுக்குள் டிபக்கரைச் சேர்க்க வெகுகாலம் சம்மதிக்கவில்லை. கேஜிடிபி 2008-ல், 2.6.26 பதிப்பில்தான் உள்ளே வந்தது. டிபக்கர் இருந்தால் கோடை யோசித்துப் படிக்க மாட்டார்கள் என்பது அவர் கட்சி. நான் யோசித்துப் படித்துத்தான் பையன் மேல் பழி போட்டேன்.

யூஎஸ்பி அடாப்டர் போதாதா என்பார்கள். பார்க்கிற பக்கத்துக்குப் போதும். உறைந்த பக்கத்தில் யூஎஸ்பி டிரைவரும் சேர்ந்தல்லவா உறைந்திருக்கும்! சர்வருக்கு ஆர்டர் போடும் இடத்தில் இருப்பவர்கள், பட்டியலில் சீரியல் போர்ட்டை அடிப்பதற்கு முன் கெர்னல் எழுதுகிறவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள்.