மூடியின் கீழ் ஓடும் கயிறுகள்

கடலிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் ஓர் ஊரிலிருந்து பாய்ப்படகைப் பற்றி எழுதுகிறேன். மாத்தளை மாவட்டத்தின் பல்லேகமவுக்கு வந்து மூன்று நாள்களாகின்றன. நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரம். காலையில் மூடுபனி, மாலையில் களுகங்கை நீர்த்தேக்கத்தின் மேல் சாய்வெயில். அலையோசையோ கருவாட்டு மணமோ இல்லாத இடத்தில் பாய்க்கயிற்றைப் பற்றிய சிந்தனை எப்படி வந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு.

கனடாவில் வாழும் என் மைத்துனர் நேற்றிரவு அழைத்தார். பூர்வீகம் வல்வெட்டித்துறை. ஒன்ராறியோ ஏரியில் சொந்தமாக ஒரு பாய்ப்படகு வைத்திருக்கிறார். முப்பதடி நீளம், கண்ணாடியிழையால் ஆனது, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பழையதாக வாங்கியது. "மச்சான், இந்தக் கோடையிலை நான் பட்ட பாட்டைக் கேளுங்கோ" என்று தொடங்கியவர் ஒரு மணி நேரம் பேசினார். கேட்டு முடித்தபின் எனக்கு உறக்கம் வரவில்லை.

நடந்தது இதுதான். ஒரு பிற்பகலில் ஏரியில் காற்று திடீரென வலுத்தது. பெரும்பாயை உடனே இறக்க வேண்டும். பாயை ஏற்றவும் இறக்கவும் உதவும் கயிற்றை நம் கடலோடிகள் ஆஞ்சான் என்பார்கள். அதைத் தளர்த்தினார். பாய் இரண்டடி இறங்கி நின்றுவிட்டது. இழுத்தாலும் விட்டாலும் அசையவில்லை. படகு ஒருபக்கம் சாய்கிறது; உடன் மகனும் மருமகளும். படகின் முகத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, இயந்திரத்தை முடுக்கி, பாய் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கத் துறைக்கு வந்து சேர்ந்தார்கள். உயிருக்குச் சேதமில்லை. ஆனால் அந்த நாற்பது நிமிடங்கள் தம் வாழ்வின் மிக நீண்ட நாற்பது நிமிடங்கள் என்றார்.

மறுநாள் காலையில் காரணம் தேடினார். இக்காலப் படகுகளில் கயிறுகள் பாய்மரத்தின் அடியில் முடிவதில்லை. கப்பிகளின் வழியே திரும்பி, அறைக்கூரையின் மேல் பின்னோக்கி ஓடி, சுக்கான் பிடிப்பவரின் கையெட்டும் தூரத்துக்கு வருகின்றன. பல படகுகளில் அந்தப் பாதையின் மேல் ஒரு மூடியைப் பொருத்திவிடுகிறார்கள். பார்ப்பவர் கண்ணுக்குத் தளம் வழுவழுப்பாக, ஒரு கயிறும் இல்லாததுபோலத் தெரியும். மைத்துனரின் படகிலும் அப்படியொரு மூடி இருந்தது. அதைப் பதினெட்டுத் திருகாணிகள் பிடித்திருந்தன. ஒன்பது ஆண்டுகளில் அவர் ஒருமுறையேனும் அதைக் கழற்றிப் பார்த்ததில்லை. அவருக்கு முன்னிருந்தவர் பார்த்தாரா என்பதும் தெரியாது.

பன்னிரண்டு திருகாணிகள் எளிதாகக் கழன்றன. ஆறு மறுத்தன. நீர் புகாமல் இருக்க முன்பு யாரோ பூசிய பசை கல்லாக இறுகியிருந்தது. பொறுமையிழந்து நெம்பியதில் மூடியின் ஓரம் வெடித்தது. திறந்து பார்த்தால், உள்ளே ஒரு கப்பி சுழலாமல் இறுகிப்போயிருக்கிறது. சுழலாத கப்பியின் மேல் ஆண்டுக்கணக்காக உரசிய கயிற்றின் மேலுறை கிழிந்து, சட்டைக்கை மேலேறுவதுபோலச் சுருண்டு, கப்பிக்கும் சட்டத்துக்கும் நடுவே ஆப்பாகச் செருகி நிற்கிறது. வெளியே தெரிந்த இரு முனைகளிலும் கயிறு புதிதுபோலவே இருந்ததாம். "நான் ஒவ்வொரு நாளும் பிடிச்ச கயிறு மச்சான், கையிலை ஒரு குறையும் தெரியேல்லை" என்றார்.

நானும் யோசித்தேன். முனைகள் நன்றாக இருந்தால் நடுவும் நன்றாகத்தான் இருக்கும் என்று எத்தனை விடயங்களில் நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்!

மூடி வைத்தவர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் அது நியாயமன்று. மூடிக்குத் தக்க காரணங்கள் உண்டு. செயற்கை இழைக் கயிறுகளை வெயிலின் புறஊதாக் கதிர்கள் நலிவுறச் செய்யும். மூடி அதைத் தடுக்கிறது. தளத்தில் கிடக்கும் கயிற்றில் கால் இடறி விழுந்தவர்கள் பலர். கயிறுகள் பின்னால் வந்துவிட்டால் கொந்தளிக்கும் வேளையில் யாரும் முன்தளத்துக்கு ஓட வேண்டியதில்லை. இவையெல்லாம் உயிர் காக்கும் ஏற்பாடுகள். என் வழக்கு மூடிக்கு எதிரானதன்று. மூடியை வைத்துவிட்டு, அதைக் கழற்ற வேண்டிய நாளைக் குறித்துவைக்காத மனப்போக்குக்கு எதிரானது. ஓர் ஏற்பாடு கண்ணுக்கு மறைந்ததும் கருத்துக்கும் மறைந்துவிடுகிறது. படகு செய்பவர் சிரமப்பட்டு மூடி போட்டது கயிற்றைக் காக்க. நாமோ கயிற்றை மறக்க அதைப் பயன்படுத்துகிறோம்.

இந்த இடத்தில் வல்வெட்டித்துறையின் புகழ்பெற்ற கப்பலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 'அன்னபூரணி' என்ற இரட்டைப் பாய்மரக் கப்பல் அவ்வூர்க் கம்மியரால் கட்டப்பட்டது. படகில் உலகைச் சுற்றி வந்திருந்த வில்லியம் ஆல்பர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் 1930களில் அதை விலைக்கு வாங்கி, 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' என்று பெயர் மாற்றினார். 1937 இல் நம்மவர்கள் மாலுமிகளாகச் செல்ல அது புறப்பட்டது. 1938 ஆகஸ்ட் 1 ஆம் நாள் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்திலுள்ள குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. இன்றும் வல்வெட்டித்துறை மக்கள் பெருமையுடன் பேசும் பயணம் அது.

அத்தகைய மரக்கலங்களில் ஆஞ்சானும் பருமலைத் திருப்பும் கயிறுகளும் திறந்த வெளியில்தான் இருந்தன. மழையும் வெயிலும் உப்பும் அவற்றைத் தின்றன. ஆனால் எந்தக் கயிறு எங்கே நைகிறது என்பதை மாலுமியின் கண் பகலிலும் கை இரவிலும் கண்டுகொண்டன. நலிவு இருந்தது, ஒளிவு இல்லை.

ஆனால் பழமைக்கு முழுமதிப்பெண் கொடுத்துவிட நான் ஆயத்தமாயில்லை. கயிறுகளைத் திறந்த வெளியில் வைத்திருந்த அதே சமூகம், கப்பல் கட்டும் அறிவை மூடிவைத்திருந்தது. கணக்கு மேத்திரியாரின் தலைக்குள் இருந்தது; தந்தையிடமிருந்து மகனுக்கும் மாமனிடமிருந்து மருமகனுக்கும் வாய்மொழியாகப் போனது. எழுதிவைத்தவை மிகக் குறைவு. இயந்திரக் கப்பல்களின் காலம் வந்து கைகள் ஓய்ந்தபோது, பெரும்பகுதி அந்தக் கைகளோடு போய்விட்டது. கப்பல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த நாளை நாம் அறிவோம். அதன் ஒவ்வொரு பலகையையும் எப்படி வளைத்தார்கள் என்பதைச் சொல்ல இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்?

மைத்துனரின் கதைக்கு இரண்டாம் பாகமும் உண்டு. மூடியைத் திறந்தாயிற்று, கப்பியை மாற்றியாயிற்று, இனிப் புதுக்கயிறு. அவருடைய மகன் சுறுசுறுப்பான பிள்ளை. தந்தை தேநீர் அருந்திவிட்டு வருவதற்குள் பழைய கயிற்றை முழுவதுமாக உருவி எடுத்துச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டான். வேலை முடிந்தது என்று அவனுக்கு எண்ணம். உண்மையில் வேலை அப்போதுதான் தொடங்கிற்று. ஏனெனில் அந்தக் கயிறு உள்ளீடற்ற பாய்மரத்தின் உள்ளே நாற்பதடி உயரம் ஏறி, உச்சிக் கப்பியைச் சுற்றி இறங்குவது. முறை என்னவென்றால், பழைய கயிற்றின் முனையில் மெல்லிய நூற்கயிறு ஒன்றைத் தைத்து அல்லது கட்டிவிட்டுப் பின்னரே இழுக்க வேண்டும். பழையது வெளியேறும்போது நூற்கயிறு அதன் பாதையில் உள்ளே போய்விடும். பிறகு நூற்கயிற்றின் முனையில் புதியதைக் கட்டி இழுத்தால் ஐந்து நிமிட வேலை. நூல் கட்டாமல் உருவியதால், ஆளொருவரைப் பாய்மர உச்சிக்கு ஏற்றி, ஈயக்குண்டு கட்டிய நூலை உள்ளே இறக்கித் துழாவி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று.

பழையதைக் கழிக்கலாம், கழிக்கத்தான் வேண்டும். ஆனால் அதன் வாலில் ஒரு நூலைக் கட்டிய பிறகு.

நான் வாழ்ந்த தொழிலிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடித்த காலத்தின் கடைசி ஆண்டுகளில் பத்திரிகைக்கு வந்தவன் நான். பிறகு கணினி வந்தது. பாமினி எழுத்துருவில் ஆண்டுக்கணக்காகத் தட்டச்சு செய்தோம். திரையில் தமிழாகத் தெரிந்தது. அடியில் இருந்தவை ஆங்கில எழுத்துகளின் குறியீடுகள். ஒருங்குறிக்கு மாறியபோது, முறையாக மாற்றி எடுத்துக்கொண்டவர்களின் எழுத்து இன்றும் படிக்கக் கிடைக்கிறது. நான் அப்போது சோம்பியிருந்தேன். என் பழைய கட்டுரைகள் பல, இப்போது திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கின்றன. மாற்றும் கருவிகள் உள்ளன. ஆனால் அவை சேமித்திருந்த வட்டுகளில் பாதி பழுதாகிவிட்டன. மைத்துனரின் மகனை நகைக்க எனக்குத் தகுதியில்லை. மாறாக, 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கிவரும் நூலகம் திட்டத்தினரை நினைக்கும்போது, அவர்கள் செய்வது இந்த நூல் கட்டும் வேலைதான் என்று தோன்றுகிறது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த சமூகத்துக்கு அந்த வேலையின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

இப்போது பல்லேகமவுக்கு வருகிறேன். நான் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் பரந்த நீர். பழைய லக்கல பல்லேகம நகரம் களுகங்கைத் திட்டத்துக்காக இடம் பெயர்க்கப்பட்டது. கடைத்தெருவும் வீடுகளும் வயல்களும் இருந்த நிலம் நீருக்குள் போயிற்று. புதிய நகரம் மேட்டில் திட்டமிட்டுக் கட்டப்பட்டிருக்கிறது. நீர் தேவை, கீழ்நிலத்து உழவர்களின் வயிறு அதை நம்பியிருக்கிறது. ஆகவே இந்த மூடியையும் நான் பழிக்கவில்லை. ஆனால் இது திருகாணி இல்லாத மூடி. கழற்றிப் பார்க்க வழியில்லை. இங்கே நூல் கட்டுவது என்றால், பழைய தெருவில் யார் வீட்டுக்கு அடுத்து யார் வீடு, எந்த மரத்தடியில் சந்தை கூடிற்று என்பதை நினைவிருப்பவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வதுதான். அதை யாரேனும் இன்றே செய்ய வேண்டும்.

கடலுக்கும் இந்த மலைக்கும் தொடர்பே இல்லை என்று தொடக்கத்தில் எண்ணியதும் தவறுதான். களுகங்கை அம்பன் கங்கையில் சேர்கிறது. அம்பன் கங்கை மகாவலியில். மகாவலி திருகோணமலையருகே கொட்டியாரக் குடாவில் கடலில் கலக்கிறது. அந்தக் குடாவுக்குத்தான் 1660 இல் ஆங்கிலேயக் கப்பலொன்று, மசூலிப்பட்டினக் கரையில் புயலில் இழந்த பாய்மரத்துக்குப் பதில் புதியதைத் தேடி வந்தது. அதில் வந்த இளைஞன் ரொபர்ட் நொக்ஸ் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்து மலைகளில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்தான். 1681 இல் அவன் வெளியிட்ட நூல் இல்லாவிட்டால், அக்காலத்து மலைநாட்டு வாழ்வில் எத்தனையோ செய்திகள் நமக்குக் கிட்டியிரா. விரும்பாமல் வந்தவன்கூட ஒரு நூலைக் கட்டிவிட்டுப் போனான்.

படகு வைத்திருக்கும் வாசகர்களுக்கு மைத்துனர் சொல்லச் சொன்னவை: ஆண்டுக்கொருமுறை, படகை நீரில் இறக்குமுன், மூடியைக் கழற்றுங்கள். கழற்றுமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருகாணிகளை எடுத்த வரிசையிலேயே வையுங்கள். மறுக்கும் திருகாணியை நெம்பாதீர்கள். மெல்லச் சூடேற்றிப் பசையை இளக்குங்கள். ஒவ்வொரு கப்பியையும் விரலால் சுழற்றிப் பாருங்கள். கயிற்றை முனையில் மட்டும் பார்க்காமல் முழு நீளமும் கையால் தடவிப் பாருங்கள். திரும்ப மூடும்போது துளைகளில் புதிய பசை இடுங்கள். இல்லையேல் நீர் இறங்கித் தளத்தின் உள்மரத்தை உளுக்கச் செய்யும்.

படகு இல்லாத வாசகர்களும் உங்கள் வீட்டில், உங்கள் தொழிலில், உங்கள் ஊரில் பதினெட்டுத் திருகாணிகளின் கீழ் எது ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். காற்று வலுக்கும் நாளில் திருப்புளி தேட நேரம் இருக்காது.