சென்னைப் பணத்தில் பறந்த விமானங்கள்

போர்ப்படங்களில் விமானப் பிரியர்கள் இன்றும் முதலில் சொல்லும் பெயர், 1969இல் கை ஹாமில்டன் இயக்கி வெளிவந்த 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்'. கம்ப்யூட்டர் வித்தை இல்லாத காலம். நிஜ விமானங்கள் நிஜ ஆகாயத்தில் பறந்தன. ஜெர்மன் விமானங்களாக நடித்தவை ஸ்பெயின் விமானப்படையிலிருந்து வந்தவை. அவற்றுக்குள் உறுமியதோ பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சின்! ஹிட்லரின் விமானங்களைப் பிரிட்டிஷ் எஞ்சின் தூக்கிக்கொண்டு பறந்த விசித்திரம் திரையில் தெரியாது.

இன்று பார்த்தாலும் வான் சண்டைகள் அலுக்கவில்லை. குறிப்பாக கடைசிச் சண்டை: வசனமில்லை, துப்பாக்கிச் சத்தமில்லை, வில்லியம் வால்டனின் இசை மட்டும். இளம் முகங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. சூசன்னா யார்க்கின் காதல் கிளைக்கதைதான் சோர்வு. அதை வெட்டியிருந்தால் யாரும் தேடியிருக்க மாட்டார்கள். போர் விமானப்படைத் தளபதி டௌடிங்காக வருகிறார் லாரன்ஸ் ஒலிவியர். நிஜ டௌடிங் சக்கர நாற்காலியில் படப்பிடிப்பைப் பார்க்க வந்தார். 1970இல் காலமானார்.

படம் சொல்லாத ஒரு விஷயம் தமிழ் ரசிகருக்கு முக்கியம். அந்தப் போரில் சண்டையிட்ட 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்களுக்குப் பின்னர் சூட்டப்பட்ட பெயர் 'மதராஸ் பிரசிடென்சி'. காரணம், இங்கிருந்து போன யுத்த நிதி. அன்று ஒரு ஸ்பிட்ஃபயருக்கு நன்கொடையாளர்களிடம் சொல்லப்பட்ட விலை 5,000 பவுண்டு. அன்றைய மாற்று விகிதப்படி ஏறத்தாழ 66,000 ரூபாய். பாலக்காடு அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. போடிநாயக்கனூரும் அப்படியே. போடியிலிருந்து மலையேறி சின்னக்கானல் போனால் மட்டும் திருவிதாங்கூர் சமஸ்தானம்.

மூன்றில் மிகவும் அடிபட்டது 264. அதற்குக் கிடைத்த 'டிஃபயன்ட்' விமானத்தில் முன்னோக்கிச் சுடும் துப்பாக்கி கிடையாது. விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டில் ஒருவர் உட்கார்ந்து நான்கு துப்பாக்கிகளால் சுட வேண்டும். எதிரி முன்னாலிருந்தோ அடியிலிருந்தோ வந்தால் தீர்ந்தது கதை. 1940 ஆகஸ்ட் கடைசியில் சில நாட்களில் ஏற்பட்ட கடும் இழப்புக்குப் பின் பகல் சண்டையிலிருந்து இந்த ஸ்குவாட்ரன் விலக்கப்பட்டது. ஸ்பிட்ஃபயரும் ஹரிகேனும் மின்னும் படத்தில் டிஃபயன்ட் தலைகாட்டவே இல்லை. அழகில்லாத தோல்வியை யார் படமெடுப்பார்கள்?

இந்தப் பணத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. இந்தியர்களைக் கேட்காமலே இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டதற்காக 1939 அக்டோபரில் சென்னையில் ராஜாஜி அமைச்சரவை பதவி விலகியது. ஆட்சி கவர்னர் கைக்குப் போனது. நிதி வசூல் நடந்தது அந்தச் சூழலில். லண்டன் வானத்தில் சண்டை ஓயாத 1940 அக்டோபர் 17 அன்று தனிநபர் சத்தியாக்கிரகத்தை வினோபா பாவே தொடங்கினார். பிரிட்டனின் போருக்கு ஆளாலோ பணத்தாலோ உதவுவது தவறு என்று பொது இடத்தில் சொல்வதுதான் சத்தியாக்கிரகம். சொன்னவர்களுக்குச் சிறை. ராஜாஜி டிசம்பரில் கைதானார். அப்படிச் சிறை சென்றவர்களின் மாகாணத்துப் பெயர்தான் அந்த மூன்று ஸ்குவாட்ரன்களுக்கும்.

ஆட்களும் போனார்கள். அந்த அக்டோபரில் 24 இந்திய விமானிகள் பிரிட்டன் போய்ச் சேர்ந்தனர். பயிற்சி முடிவதற்குள் படத்தில் வரும் போர் முடிந்துவிட்டது. அவர்களில் ஒருவரான மொகிந்தர் சிங் புஜ்ஜி, 1941இல் தலைப்பாகையுடனே ஹரிகேன் ஓட்டினார். பிறகு பர்மா முனையிலும் பறந்தார். 2010இல் மறைந்த அவருக்கு, இங்கிலாந்தின் கிரேவ்ஸெண்ட் நகரில் 2014இல் சிலை வைத்தார்கள்.

படத்தின் முடிவில் எந்த நாட்டு விமானிகள் எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் ஓடுகிறது. பறந்தவர்களின் கணக்கு அது. விமானத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கணக்கு அதில் இல்லை.