ஆபரேஷன் தையலுக்கு 'வேக்யூம் கட்டு': காசுக்கேத்த பலன் இருக்கா?

ஆபரேஷன் தையல் மேல் காற்றுப் புகாமல் ஒட்டி, சின்ன பம்ப் வைத்து கசிவை உறிஞ்சி எடுப்பதுதான் 'வேக்யூம் டிரெஸ்ஸிங்'. காயம் சீழ் பிடிக்காமல் ஆறும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால், சாதாரண கட்டைவிட விலை பல மடங்கு அதிகம்.

அப்போ பலன்? பிரிட்டனில் 24 மருத்துவமனைகளில், விபத்தில் கால் எலும்பு முறிந்து ஆபரேஷன் செய்துகொண்ட 1,548 பேரிடம் சோதித்துப் பார்த்தார்கள். யாருக்கு எந்தக் கட்டு என்பது குலுக்கல் முறையில் முடிவானது.

2020-ல் வெளியான முடிவு இதுதான்: 30 நாட்களில் ஆழமான தொற்று வந்தவர்கள் வேக்யூம் கட்டில் 5.84%, சாதாரண கட்டில் 6.68%. இவ்வளவு சின்ன வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம். அதனால், பெரிய பலன் இருப்பதாகச் சொல்ல முடியவில்லை.

இது தையல் போட்டு மூடிய காயத்துக்கான முடிவு மட்டுமே. சர்க்கரை நோயாளிகளின் திறந்த கால் புண்ணுக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. டாக்டர் இந்தக் கட்டைப் பரிந்துரைத்தால், "எனக்கு இது ஏன் தேவை?" என்று தாராளமாகக் கேட்கலாம்.