டிரம் ஒன்று வையுங்கள், சார்!

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. காசிமேட்டில் விசைப்படகுகளின் என்ஜினைப் பிரித்து மராமத்து பார்க்கிற காலம் அதுதான். ஆயிலும் மாத்துவார்கள். பழைய ஆயில் எங்கே போகிறது?

லாரி என்றால் அடியில் படுத்து நட்டைக் கழற்றினால் போதும். படகில் என்ஜின் அடிவயிற்றில் உட்கார்ந்திருக்கும். கீழே சட்டி வைக்கக்கூட இடம் கிடைக்காது. என்ஜினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, ஆயில் இளகியதும் கைப்பம்பு போட்டு மேலே உறிஞ்ச வேண்டும். கை கடுக்கிற வேலை! அவசரக்காரர் அடித்தட்டிலேயே இறக்கிவிடுகிறார். அங்கே தேங்கிய தண்ணீரோடு அதுவும் வெளியேறி, துறைமுகத்தில் கருப்பாய் மிதக்கிறது.

2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. வாளியில் அள்ளியதை ஊரே பார்த்தது. சொட்டுச் சொட்டாய்ப் போவதைப் பார்க்க ஆளில்லை.

தொழிலாளியை மட்டும் திட்டினால் ஆச்சா? கழிவு ஆயில் அபாயக் கழிவு என்கிறது 2016-ம் வருஷத்து விதி. சரி, உறிஞ்சிய கேனை அவர் வீட்டுக்கா கொண்டுபோவார்? சுத்திகரித்தால் அது மறுபடி ஆயில், காசுள்ள சரக்கு. ஒவ்வொரு ஜெட்டியிலும் பூட்டுப் போட்ட டிரம் வைத்து, லிட்டருக்கு இவ்வளவு என்று கையிலேயே கொடுக்கட்டும், மீன்வளத் துறை. அடுத்த தடைக்காலத்துக்குள் செய்வார்களா?